ஐந்து நட்சத்திரங்களும் ஆறு தந்திகளும்

"கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போயிற்று?" என்று எங்கள் பாட்டி அடிக்கடி கூறுவார். சிறு வயதில் அதைக் கேட்டுச் சிரித்ததுண்டு. சென்ற ஆண்டு ஒரு கிதார் வாங்கப் புறப்பட்டபோதுதான், அப்பழமொழி எனக்காகவே சொல்லப்பட்டது என்பதை உணர்ந்தேன்.

எங்கள் வீடு மேடவாக்கம் கூட்டுரோட்டுக்கு அருகே ஒரு குறுகிய தெருவில் இருக்கிறது. அப்பா கிண்டித் தொழிற்பேட்டையில் லேத் இயந்திரம் ஓட்டுபவர். பள்ளி இசைக்குழுவில் இடம் கிடைத்த நாள் முதல் எலெக்ட்ரிக் கிதார் ஒன்று வேண்டும் என்ற ஆசை என்னைப் பற்றிக்கொண்டது. உண்டியலில் நான் சேர்த்ததும், பொங்கலுக்கு மாமா கொடுத்ததும், அப்பா மூன்று மாதம் ஓவர்டைம் பார்த்துக் கொண்டுவந்ததுமாக 12,000 ரூபாய் சேர்ந்தது.

இரவில் பாடங்களை முடித்ததும் கைப்பேசியும் கையுமாக அமர்ந்துவிடுவேன். இணையக் கடையில் ஒரு கிதார் என் கண்ணைக் கவர்ந்தது. ஐந்துக்கு 4.6 நட்சத்திரம்! நூற்றுக்கணக்கானோர் புகழ்ந்து தள்ளியிருந்தார்கள். "அப்பா, இதையே வாங்கிவிடலாம்" என்று துள்ளிக் குதித்தேன்.

அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் படித்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏம்மா, வாங்கி ஒரு வருஷம் ஆனவங்க யாராவது இதிலே எழுதியிருக்காங்களா?"

நான் தேடிப் பார்த்தேன். பெரும்பாலோர் பெட்டி பிரித்த அன்றே எழுதியிருந்தார்கள். "இரண்டே நாளில் வந்தது", "நிறம் அழகு", "பேக்கிங் அருமை" என்பவையே மிகுதி. அவை பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தவருக்கான நற்சான்றே அன்றி, கிதாருக்கானவை அல்லவே! ஒரே வாக்கியம், அதே எழுத்துப்பிழையோடு, மூன்று பெயர்களில் இருந்தது. சிலர் மின்சாரமே தேவைப்படாத மரக் கிதாரைப் பற்றி எழுதியிருந்தனர். வெவ்வேறு கருவிகளின் நட்சத்திரங்களை ஒரே பக்கத்தில் சேர்த்துக் கூட்டியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

அடுத்து ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்களைப் படித்தேன். தாமதமாக வந்த கோபத்தில் திட்டியவர்கள் ஒருபுறம் இருக்கட்டும். நால்வர் மட்டும், வெவ்வேறு மாதங்களில், தத்தம் சொற்களில், ஒரே குறையைச் சொல்லியிருந்தனர். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தந்தி மிக உயரமாக நிற்கிறது, அங்கே அழுத்தினால் சுருதி ஏறிவிடுகிறது என்பதே அக்குறை. புகழ்ச்சியோ வசையோ எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்பது முக்கியமல்ல. ஒருவரையொருவர் அறியாதவர்கள் ஒரே விவரத்தைச் சொல்கிறார்களா என்பதே முக்கியம். எனக்கு விளங்கிய முதல் பாடம் இது.

அந்த விவரம் ஏன் முக்கியம் என்பதற்கு எங்கள் இயற்பியல் பாடமே விடை தந்தது. பன்னிரண்டாம் ஃப்ரெட் தந்தியின் நடுவில் இருக்கிறது. அங்கே அழுத்தினால் அதிரும் நீளம் பாதியாகும், அதிர்வெண் இரட்டிப்பாகும். 110 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஐந்தாம் தந்தி அங்கே 220 ஹெர்ட்ஸில் ஒலிக்க வேண்டும். மேலும், எலெக்ட்ரிக் கிதாரில் எஃகுத் தந்திகளுக்கு அடியில் காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட 'பிக்கப்' உண்டு. தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்னோட்டம் பிறக்கும். 1831இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. அந்தச் சிறு மின்னோட்டத்தை ஒலியாக்குவது ஆம்ப்ளிஃபயர். ஆகவே, காணொளியில் நாம் கேட்டு மயங்கும் இனிமையில் கிதாரின் பங்கு எவ்வளவு, ஆம்ப்ளிஃபயரின் பங்கு எவ்வளவு என்று கைப்பேசியில் கேட்டுச் சொல்வது கடினம்.

இவ்வளவையும் ஆராய்ந்த எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. காரணம் வேறு.

அதற்கு ஆறு மாதங்களுக்கு முன் இணையத்தில் ஒரு கேபிள் வாங்கியிருந்தேன். பெட்டிக்குள் ஒரு சிறு அட்டை இருந்தது. ஐந்து நட்சத்திரம் கொடுத்துப் படம் அனுப்பினால் 100 ரூபாய் தருவதாக அதில் அச்சிட்டிருந்தார்கள். கேபிளைச் செருகிக்கூடப் பார்க்காமல், "மிகச் சிறந்த தரம்" என்று எழுதிவிட்டேன். பத்தே நாளில் அது பழுதாயிற்று. என் ஐந்து நட்சத்திரங்கள் மட்டும் அங்கேயே ஒளிவீசிக்கொண்டிருந்தன! யாரோ ஒரு தந்தை, தம் மகளுக்காக, என் சொல்லை நம்பிப் பணம் கட்டியிருப்பாரோ? பிறர் பொய்யைத் தேடிப் புறப்பட்ட நான், என் பொய்யைக் கண்டுகொண்டேன்.

மறுநாள் காலையில் அப்பாவிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "தப்பா அளந்துட்டோம்னு தெரிஞ்சா மறுபடி அளக்கணும்மா, அவ்வளவுதான்" என்றார். உடனே அந்தக் கருத்துரையைத் திருத்தி, பணம் பெற்று எழுதியதையும் கேபிள் பழுதானதையும் குறிப்பிட்டேன்.

இத்தகைய கருத்துரைகளுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 19000:2022 என்னும் தரநிலை 2022 நவம்பரில் வெளிவந்தது என்பதைப் பின்னர் அறிந்தேன். விலைக்கு வாங்கிய கருத்துரைகளை வெளியிடலாகாது என்கிறது அது. ஆனால் நிறுவனங்கள் தாமே முன்வந்து ஏற்கும் முறையாகத்தான் அது அறிமுகமாயிற்று. அமெரிக்காவில் 2024இல் பொய்க் கருத்துரைகளைத் தடைசெய்யும் விதியே வந்துவிட்டது. எனினும், எழுதுகிறவரின் மனச்சாட்சியை எந்த விதி காவல் காக்க முடியும்?

ஒரு சனிக்கிழமை அப்பாவும் நானும் அண்ணா சாலைக்குச் சென்று, ஓர் இசைக்கருவிக் கடையில் இரண்டு மணி நேரம் செலவிட்டோம். ஒரே கிதாரை இரண்டு ஆம்ப்ளிஃபயர்களில் வாசித்தேன். இரண்டு கிதார்கள் போல ஒலித்தது! பன்னிரண்டாம் ஃப்ரெட்டைச் சோதித்தேன். அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு, லேத்தில் கம்பியைப் பார்ப்பது போலக் கிதாரின் கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்தார். பளபளப்பில்லாத கறுப்புக் கிதார் ஒன்று தேறியது. மீதிப் பணத்தில் சிறிய ஆம்ப்ளிஃபயரும் கிடைத்தது.

அந்தக் கிதாரைப் பற்றி நானும் ஒரு கருத்துரை எழுதியிருக்கிறேன். வாங்கிய அன்று அல்ல, பள்ளிக்கரணைச் சதுப்புநிலக் காற்றில் ஒரு மழைக்காலம் கழிந்த பிறகு. "ஒலி நன்று; சுருதி நிற்கிறது. முதல் தந்தி துருப்பிடித்து மாற்றினேன். நான் கற்றுக்குட்டி" என்று எழுதினேன். நான்கு நட்சத்திரமே கொடுத்தேன்.

அன்புத் தோழியரே! பிறர் சொல்வதை ஆராய்ந்து ஏற்பது அறிவு. நம் சொல்லைப் பிறர் நம்பி ஏற்கும்படி எழுதுவது பண்பு. என் கிதாரின் ஆறு தந்திகளையும் நாள்தோறும் சுருதி சேர்க்கிறேன். அப்போதெல்லாம் என் சொல்லுக்கும் சுருதி சேர்ந்திருக்கிறதா என்று என்னையே ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி