சுவருக்குள் ஓடும் பொறுப்பு



வாடகை வீடு என்பது இருவர் கையிலிருக்கும் ஓர் அமானிதம். சுவரும் கூரையும் உரிமையாளருடையவை. அவற்றின் நிழலில் கண்ணயரும் உயிர்கள் குடியிருப்போருடையவை. கூரை ஒழுகினால் பாத்திரம் வைத்துவிட்டாவது வீட்டுக்காரரைத் தேடிச் செல்கிறோம். குழாய் உடைந்தால் அன்றே சொல்லி அனுப்புகிறோம். ஆனால், சுவருக்குள் ஓடும் மின்கம்பி தன் நோயை வாய்திறந்து சொல்வதில்லை. அது சொல்லும் நாளில் கேட்பதற்கு ஆள் இருப்பாரா என்பதுதான் கேள்வி.

2023ஆம் ஆண்டின் குளிர்காலத்தை இலண்டனின் கிழக்குப் பகுதியான ஈஸ்ட் ஹாமில், என் மகள் வீட்டில் கழித்தேன். தமிழர் பலர் வாழும் பகுதி அது. நூறாண்டு கண்ட செங்கல் வீடுகள் ஒன்றோடொன்று தோள்சேர்த்து நிற்கும். மகள் குடும்பம் வாடகைக்கு இருந்ததும் அப்படியொரு வீட்டில்தான். சமையலறையில் ஒரு பிளக் பாயிண்ட் பழுப்பேறி விரிசல் விட்டிருந்தது. வெந்நீர்க் கெட்டிலும் துணி துவைக்கும் இயந்திரமும் ஒருசேர ஓடினால் விளக்குகள் மங்கின. சில நாட்களில் இலேசான கருகல் வாடையும் வீசிற்று.

"வீட்டுக்காரரிடம் சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். மருமகன் தயங்கினார்.

"மாமா, அவர் நம் மாவட்டத்துக் காக்கா. வேறு எங்கும் வீடு கிடைக்காமல் அலைந்தபோது நம்பிச் சாவியைக் கொடுத்தவர். அவரிடம் போய்ச் சட்டம் பேசினால் மனம் நோகாதா?"

மகள் அமைதியாக, ஆனால் உறுதியாகச் சொன்னாள்: "நான் சட்டம் பேசவில்லை வாப்பா. பிள்ளை அந்தச் சமையலறைக்கு மேலே உள்ள அறையில்தான் படுக்கிறான். மின் பரிசோதனை அறிக்கையைத்தான் கேட்கிறேன்."

அவள் கேட்டது சலுகையன்று, உரிமை. இங்கிலாந்தில் தனியார் வாடகை வீடுகளின் மின் பாதுகாப்புக்கென 2020இல் தனி விதிகள் இயற்றப்பட்டன. அவ்வாண்டு ஜூலை 1 முதல் புதிய வாடகை ஒப்பந்தங்களுக்கும், 2021 ஏப்ரல் 1 முதல் பழைய ஒப்பந்தங்களுக்கும் அவை பொருந்தின. வீட்டிலுள்ள நிலையான மின் அமைப்பு முழுவதையும், அதாவது கம்பிகள், சாக்கெட்டுகள், விளக்குப் பொருத்தங்கள், ஃபியூஸ் பெட்டி ஆகியவற்றை, தகுதிபெற்ற ஒருவரைக் கொண்டு ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் உரிமையாளர் பரிசோதிக்க வேண்டும். அறிக்கையின் நகலை 28 நாட்களுக்குள் குடியிருப்பவரிடம் தர வேண்டும். புதிதாகக் குடிவருபவருக்கோ, அவர் உள்ளே வருமுன்பே அது கைக்கு வந்திருக்க வேண்டும். நகராட்சி கேட்டால் ஏழே நாட்களில் கொடுத்தாக வேண்டும்.

மகள் வாடகை ஏஜென்டுக்கு எழுதினாள். "அதெல்லாம் பார்த்தாகிவிட்டது" என்று தொலைபேசியில் பதில் வந்தது, காகிதம் வரவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று ஒரு மாதம் ஓடிற்று. இறுதியில் அவள் உரிமையாளருக்கே நேரே எழுதினாள். அன்று மாலையே அவர் மருமகனை அழைத்தார்.

"தம்பி, மாதந்தோறும் வாடகையில் ஒரு பங்கை ஏஜென்டுக்குக் கொடுக்கிறேனே. எல்லாவற்றையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றல்லவா இருந்தேன்!"

தேடிப் பார்த்ததில் பழைய அறிக்கையின் காலக்கெடு முந்தைய ஆண்டே முடிந்திருந்தது.

வீடு வாடகைக்கு விட்டிருக்கும் வாசகர்கள் இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும். அறிக்கை எடுப்பதையும் பழுது பார்ப்பதையும் ஏஜென்டிடம் ஒப்படைக்கலாம். வேலையை அவர் செய்வார். ஆனால் பொறுப்பு அவரோடு போய்விடாது. அந்த விதிகள் கடமையைச் சுமத்துவது உரிமையாளர் மீதுதான். மீறினால் நகராட்சி விதிக்கும் அபராதமும் அவர் தலைமேல்தான் விழும். தொடக்கத்தில் 30,000 பவுண்டு வரை என்றிருந்த அந்த அபராதத்தின் உச்சவரம்பு 2025இல் 40,000 பவுண்டாக உயர்த்தப்பட்டது. ஆகவே, ஏஜென்டோடு செய்யும் ஒப்பந்தத்தில் "பராமரிப்பு" என்று ஒற்றைச் சொல்லை எழுதி நிம்மதியடைய வேண்டாம். பரிசோதனையை யார் ஏற்பாடு செய்வது, காலக்கெடுவை யார் கணக்கு வைப்பது, அறிக்கையை யார் குடியிருப்பவரிடம் சேர்ப்பது என்று தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள். அறிக்கையின் ஒரு நகல் உங்கள் கையிலும் இருக்கட்டும்.

பத்து நாளில் மின் பரிசோதகர் வந்தார். அரை நாள் மின்சாரத்தை விட்டுவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு சாக்கெட்டையும் சோதித்தார். அந்நாட்டு அறிக்கைகளில் குறைகளுக்குக் குறியீடு உண்டு. சி 1 என்றால் ஆபத்து கண்முன்னே இருக்கிறது. சி 2 என்றால் ஆபத்து விளையக்கூடும். சி 3 என்றால் மேம்படுத்துவது நல்லது. எஃப்.ஐ. என்றால் மேலும் ஆராய வேண்டும். சி 3 தவிர்த்த ஏனைய மூன்றில் ஒன்று இருந்தாலும் அறிக்கை "திருப்தியற்றது" என்றாகிவிடும். அதன்பின் 28 நாட்களுக்குள், அல்லது அறிக்கை அதற்கும் குறைந்த கெடு சொல்லியிருந்தால் அதற்குள், வேலையை முடிக்க வேண்டும். முடித்ததற்கான எழுத்துச் சான்றைக் குடியிருப்பவருக்கும் நகராட்சிக்கும் அனுப்ப வேண்டும்.

விரிசல் விட்ட அந்தப் பிளக் பாயிண்டுக்கு சி 1 விழுந்தது. உள்ளே மின்னோட்டமுள்ள செம்பு வெளியே தெரிந்தது. பரிசோதகர் அங்கேயே அதைத் துண்டித்து மூடிவிட்டுத்தான் அடுத்த வேலைக்கு நகர்ந்தார். எரிவாயுக் குழாய்க்கு மண்ணிணைப்புக் கம்பி இல்லாதது சி 2. தோட்டத்துக் கருவிகளை மாட்டும் சாக்கெட்டுக்கு ஆர்.சி.டி. பாதுகாப்பு இல்லாததும் சி 2.

ஆர்.சி.டி. என்பது என்ன? போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று இடைவிடாது ஒப்பிடும் காவற்கருவி. வழியில் ஒரு மனிதனின் உடல் வழியாக 30 மில்லி ஆம்பியர் அளவு கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். பழைய ஃபியூஸ் கம்பியோ, கம்பி சூடேறி உருகினால்தான் விழித்துக்கொள்ளும். அது கம்பியைக் காப்பது. இது மனிதனைக் காப்பது. இக்கருவியிலுள்ள சோதனைப் பொத்தானை ஆறு மாதத்திற்கு ஒருமுறை அழுத்திப் பார்ப்பது குடியிருப்பவரின் கையிலுள்ள எளிய கடமை.

குடியிருப்போருக்கு இன்னும் கடமைகள் உண்டு. அந்நாட்டு பிளக் ஒன்று 13 ஆம்பியர் வரை தாங்கும்; 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 3,000 வாட். ஒரு வெந்நீர்க் கெட்டிலே அந்த அளவை எட்டிவிடும். அதே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் 2,000 வாட் ஹீட்டரையும் மாட்டினால் சுமை 21 ஆம்பியரைத் தாண்டும். ஃபியூஸ் உடனே போய்விடும் என்று நம்பியிருக்க இயலாது. அதற்குள் பெட்டி உருகத் தொடங்கலாம். பரிசோதகர் வரும்போது கதவைத் திறந்து விடுவதும் குடியிருப்பவர் கடமையே. அனுமதி மறுத்துவிட்டு உரிமையாளரைக் குறை கூறுவது நியாயமாகாது.

ஒரு வீட்டின் தீ ஒரு வீட்டோடு நிற்பதில்லை என்பதற்கு 2017 ஜூன் 14 சாட்சி. இலண்டனின் 24 மாடி கிரென்ஃபெல் டவரில், நான்காம் மாடிச் சமையலறையிலிருந்த ஒரு குளிர்பதனப் பெட்டியருகே நள்ளிரவில் தொடங்கிய தீ, கட்டடத்தின் வெளிச்சுவரில் பதித்திருந்த எரியும் தன்மையுள்ள பலகைகளைப் பற்றிக்கொண்டு உச்சிவரை ஏறியது. 72 உயிர்கள் போயின. அது ரமளான் மாதம். ஸஹருக்காக விழித்திருந்தவர்கள் ஓடிச்சென்று அண்டை வீட்டார் கதவுகளைத் தட்டி எழுப்பினார்கள். அது உள்ளாட்சிக்குச் சொந்தமான குடியிருப்பு. அத்தகைய சமூக வாடகை வீடுகளையும் ஐந்தாண்டுப் பரிசோதனைக்கு உட்படுத்தும் விதி இங்கிலாந்தில் 2025இல்தான் வந்தது. ஸ்காட்லாந்தில் தனியார் வாடகை வீடுகளுக்கு 2015லேயே இக்கடமை வந்துவிட்டது. வேல்ஸில் 2022இல் வந்தது.

மகள் வீட்டு வேலை மூன்று வாரத்தில் முடிந்தது. உரிமையாளர் தாமே வந்து பார்த்தார். புதிய ஃபியூஸ் பெட்டியைத் திறந்து மூடியவர், மகளிடம் சொன்ன சொல் என் நெஞ்சில் நிற்கிறது: "நீ எழுதியபோது முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது அம்மா. அந்த சாக்கெட்டைப் பார்த்தபின் அந்தக் கோபம் என் மேலேயே திரும்பிவிட்டது."

நம்மவர் என்பதற்காகக் கேளாதிருப்பது மரியாதையும் அன்று, நன்றியும் அன்று. கேளாமையால் ஒரு தீங்கு நேர்ந்தால், குடியிருந்தவருக்கு இழப்பு. கொடுத்தவருக்கோ ஆயுள் முழுதும் ஆறாத சுமை. பரிவோடு கேட்பது இருவரையும் காக்கிறது. ஒருவேளை கேட்டும் பலனில்லையெனில், நகராட்சியின் வீட்டுவசதிப் பிரிவை அணுகலாம். உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பவும், அவர் செய்யத் தவறினால் குடியிருப்பவரின் இசைவோடு தானே வேலையைச் செய்து செலவை வசூலிக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. ஈஸ்ட் ஹாம் அடங்கிய நியூஹாம் பகுதியில், வாடகைக்கு விடும் உரிமையாளர்கள் லைசென்ஸ் பெற வேண்டும் என்ற ஏற்பாடு 2013லேயே தொடங்கிவிட்டது.

வாசகப் பெருமக்களே! உங்கள் மகனோ மகளோ அந்நாட்டில் வீடு பார்த்துவிட்டதாகத் தொலைபேசியில் சொல்லும்போது, வாடகை எவ்வளவு, பள்ளிவாசல் எவ்வளவு தூரம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அருகிலா என்று கேட்கிறீர்கள். அவற்றோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: "மின் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததா? அதில் என்ன தேதி போட்டிருக்கிறது?"