காசிக்குப் போகாத மாப்பிள்ளைகள்

பழைய காலத்துக் கல்யாணம் தேடி வரும் ஜோடிகளுக்குப் பாலக்காட்டு அக்கிரகாரமும் இடுக்கி மலையும் காத்திருக்கின்றன. கூடவே சில பழைய கேள்விகளும்.

கல்பாத்தியில் காசி யாத்திரை கிளம்பும் மாப்பிள்ளைக்கு ஒரு சங்கடம் உண்டு. பஞ்சகச்சம், குடை, கைத்தடி, விசிறி, கக்கத்தில் ஒரு புத்தகம் என்று சகல லட்சணங்களோடும் அவர் மண்டபத்தை விட்டு இறங்கி நடந்தால், கொஞ்ச தூரத்திலேயே காசி வந்துவிடும். விசுவநாத சுவாமி கோயில், படிகள், அதற்குக் கீழே ஆறு. காசியில் பாதி கல்பாத்தி என்பது ஊர்ப் பேச்சு. அதனால் பெண்ணின் அப்பா சற்று சுறுசுறுப்பாகவே எட்டி நடந்து, சந்நியாசமெல்லாம் வேண்டாம், என் பெண்ணைத் தருகிறேன் என்று மாப்பிள்ளையை மறித்துத் திருப்பி அழைத்துவர வேண்டியிருக்கிறது. வீடியோக்காரர்களுக்கு மட்டும் ஏக சந்தோஷம். ஓடு வேய்ந்த வீடுகள், வரிசையான திண்ணைகள், வாசலில் கோலம், தெருக்கோடியில் கோபுரம். எந்த செட்டும் போட வேண்டாம்.

உதய்ப்பூர் அரண்மனைகளில் பணக்காரர்கள் தொடங்கிவைத்த பழக்கம் இப்போது நடுத்தரக் குடும்பங்களுக்கும் வந்துவிட்டது. ஊர் விட்டு ஊர் போய், சரித்திர வாசனையுள்ள ஓர் இடத்தில் கல்யாணம். கேரளத்தில் குமரகமும் கோவளமும் இந்த வியாபாரத்தில் முந்திக்கொண்டன. பாலக்காட்டின் கதை வேறு. இங்கே வருகிறவர்களில் பலருக்கு இது வெளியூர் அல்ல. தாத்தா விட்டுப்போன ஊர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் போன்ற கிராமங்களிலிருந்து (பாலக்காட்டு ஐயர்கள் அக்கிரகாரத்தை 'கிராமம்' என்றுதான் சொல்வார்கள்) பையன்கள் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் டெல்லிக்கும் ரயிலேறினார்கள். டைப் அடிக்க வராதவர்கள் சமையலுக்குப் போனார்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பிறந்த அவர்களுடைய பேரப் பிள்ளைகள், பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டின் திண்ணையில் உட்கார்ந்து மருதாணி இட்டுக்கொள்வதற்காக ஒலவக்கோடு ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறார்கள்.

திட்டம் பெரும்பாலும் ஒன்றுதான்: தாத்தா காலத்து நாலு நாள் கல்யாணம். கிடைப்பது பெரும்பாலும் ஒன்றரை நாள். விரதமும் ஜானவாசமும் முதல் நாள் மாலையில் முடிந்துவிடும். மறுநாள் அதிகாலை தொடங்கி, மாமாக்கள் தோளில் தூக்க மாலை மாற்றி, ஊஞ்சல், பச்சைப்பிடி, கன்னிகாதானம், திருமாங்கல்யம், சப்தபதி, அம்மி, அருந்ததி எல்லாம் பத்து மணிக்குள் ஓடி முடியும். நலங்குப் பாட்டுத் தெரிந்த அத்தைகள் குறைந்துவிட்டார்கள் என்ற புலம்பல் ஒவ்வொரு கல்யாணத்திலும் கேட்கிறது. பட்டப்பகலில் அருந்ததி நட்சத்திரத்தைக் காட்டுவதில் உள்ள சிரமத்தைப் பற்றி மட்டும் யாரும் புலம்புவதில்லை.

சாப்பாட்டில்தான் சமரசம் கிடையாது. சாம்பாரும் ரசமும் தஞ்சாவூர்ச் சொத்து. மொளகூட்டல், எரிசேரி, ஓலன், காளன், புளியிஞ்சி, பாலடைப் பிரதமன் என்பவை மலைக்கு இந்தப் பக்கம் வந்தபிறகு சேர்ந்தவை. அறுநூறு வருடக் குடியேற்றத்தின் வரலாற்றை இலையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை படித்துவிடலாம். பேச்சிலும் அதே கலவைதான். தமிழ்நாட்டிலிருந்து வரும் சம்பந்திக்கு முதல் அரை மணி நேரம் எந்த மொழி நடக்கிறது என்று புரியாது.

அந்தக் குடியேற்றம் எப்படித் தொடங்கியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கோயிலின் தல வரலாறு 1425ம் ஆண்டைச் சொல்கிறது. லக்ஷ்மி அம்மாள் என்ற பெண்மணி காசிக்குப் போய், அங்கிருந்து ஒரு பாணலிங்கம் கொண்டுவந்து, பாலக்காட்டு ராஜா இட்டிக்கோம்பி அச்சனிடம் 1,320 பொற்காசுகள் கொடுத்து, ஆற்றங்கரையில் கோயில் கட்டச் செய்தாராம். அவர் ஒரு விதவை. காசிக்கு நாலடி வைத்துவிட்டுத் திரும்பும் மாப்பிள்ளைகளுக்கு நடுவே, உண்மையிலேயே காசிக்குப் போய்வந்தவராகக் கல்பாத்தி நினைவில் வைத்திருப்பது அவரைத்தான்.

அவர் இன்று எழுந்து வந்தால் அவர் தொடங்கிவைத்த ஊரில் நடக்கும் கல்யாணத்தில் எங்கே உட்காருவார்? பழைய வழக்கப்படி பின்கட்டில். கல்யாணத்துக்கு முன் நடக்கும் சுமங்கலிப் பிரார்த்தனைக்கு அவரை அழைக்க மாட்டார்கள். மாலையையும் மஞ்சளையும் அவர் தொடக் கூடாது. மணப்பெண்ணின் அம்மா விதவை என்றால் தாரை வார்க்க இன்னொரு தம்பதியைத் தேடுவது வழக்கம்; பெற்று வளர்த்தவள் தூணோரம் நின்று பார்ப்பாள்.

பூ அலங்காரத்தையும் விருந்தையும் முடிவு செய்வது எளிது. 'எங்களைப் போல இருக்கும் கல்யாணம்' வேண்டும் என்று கேட்கும் ஜோடிகளுக்கு உண்மையான சோதனை இங்கேதான் வருகிறது. அம்மாவையே மனையில் உட்காரவைத்துத் தாரை வார்க்கச் சொல்லும் பெண்கள் இப்போது ஆங்காங்கே உண்டு. ஒப்புக்கொள்ளும் வாத்தியார்களும் உண்டு. சாஸ்திரத்தைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. அப்போது லக்ஷ்மி அம்மாளைவிடப் பலமான சாட்சி வேறு யார்?

ஊரின் பழைய ஏட்டில் சங்கடமான பக்கங்கள் இன்னும் இருக்கின்றன. ஐப்பசிக் கடைசியில் கல்பாத்தித் தேர் விசேஷம். தேர்களைப் பின்னாலிருந்து யானை முட்டித் தள்ளும். மூன்றாம் நாள் மாலை எல்லாத் தேர்களும் ஒன்றுகூடும்போது தெருவில் கால் வைக்க இடமிருக்காது. 1924ல் இதே தேர்த் திருவிழாவின்போது இந்தத் தெருக்களில் நடக்க வந்த ஈழவர்கள் தடுக்கப்பட்டார்கள். ஆரிய சமாஜம் களத்தில் இறங்க, விஷயம் மதராஸ் மாகாணம் முழுவதும் பேசப்பட்டது. இன்று தேர் பார்க்க எல்லோரும் வருகிறார்கள். வீட்டு முகப்புகள் பாரம்பரியச் சின்னம் என்று பாதுகாக்கப்படுகின்றன. ஒரு சன்னலை மாற்றக்கூட அனுமதி வாங்க வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். புகைப்படத்துக்குத் திண்ணையை அலங்கரிக்கும் புதுமணத் தம்பதிக்கு அந்தத் திண்ணையின் மற்ற கதைகளை யாரும் சொல்வதில்லை.

சரித்திரத்தில் இடம்பெற்ற கல்யாணம் வேண்டும் என்று ஒருவர் பிடிவாதமாகத் தேடினால், பாலக்காட்டுக்காரர் ஒருவர் முன்நின்று நடத்திய கல்யாணமே இருக்கிறது. மேழத்தூரைச் சேர்ந்த வி.டி. பட்டதிரிப்பாட் 1929ல் நாடகம் எழுதி நம்பூதிரிப் பெண்களை அடுக்களையிலிருந்து மேடைக்கு அழைத்தவர். 1934ல் அவர் முன்நின்று நடத்திய திருமணத்தில் எம்.ஆர். பட்டதிரிப்பாட், இளம் விதவையான உமா அந்தர்ஜனத்தை மணந்தார். விதவை மறுமணச் சட்டம் வந்தது 1856ல். நம்பூதிரி சமூகத்தில் ஒரு விதவைக்கு மறுமணம் நடக்க மேலும் 78 வருடங்கள் ஆயின. இந்தக் கல்யாணத்தை மாதிரியாக வைத்துக்கொண்டு பந்தல் போட யாரும் காண்டிராக்டரை அழைப்பதில்லை. அதில் யானையும் இல்லை, பல்லக்கும் இல்லை.

பாலக்காட்டிலிருந்து இடுக்கி மலைக்குப் போகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும். பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர், மூணாறு. வலப்புறம் தெரியும் பரம்பிக்குளம் காடுகள் காடர்களின் ஊர். மணக்கப்போகும் பெண்ணுக்காகத் தன் கையாலேயே மூங்கில் சீப்பு செதுக்கும் காடர் வழக்கத்தைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909ல் வெளியிட்ட தொகுதிகளில் எழுதியிருக்கிறார். நகைக்கடைக்காரர்கள் கவனிக்காமல் இருப்பது நல்லது.

மூணாறில் தேயிலைத் தோட்டத்துப் பங்களாக்களும் ரிசார்ட்டுகளும் வெள்ளைக்காரர் காலத்தை விற்கின்றன. பனி மூட்டத்தில் கவுனும் கோட்டுமாகப் படம் எடுத்துக்கொள்ளும் ஜோடிகள் பழைய தேவாலயத்துக்கும் போகிறார்கள். தேவாலயம் 1910ல் எழுந்தது. அதற்கு முன்பே அந்தக் குன்றில் ஒரு கல்லறை வந்துவிட்டது. தோட்ட மேலாளர் ஹென்றி மான்ஸ்ஃபீல்டு நைட்டின் இளம் மனைவி எலினார் 1894ல் காலராவில் இறந்தார். குன்றின் அழகைப் பார்த்து, செத்தால் என்னை இங்கே புதையுங்கள் என்று சில நாள் முன்னர்தான் அவர் சொன்னதாகக் கதை. பலர் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். மேலே ஏறிப் பார்ப்பவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறார்கள்.

சாலை கடைசியில் குமுளியில் போய் முடிகிறது. அங்கிருந்து பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் ஜீப்பில் ஏறினால், சுமார் 1,300 மீட்டர் உயரத்தில், இடுக்கியும் தேனியும் சந்திக்கும் முகட்டில் மங்கலதேவி கோயில். கூரையிழந்த கற்சுவர்கள், அடியில் கம்பம் பள்ளத்தாக்கு. கணவனை இழந்து மதுரையை எரித்த கண்ணகி மலையேறி வந்து வேங்கை மர நிழலில் நின்றதும், சேரன் செங்குட்டுவன் அவளுக்குக் கோயில் எடுத்ததும் இங்கேதான் என்பது தமிழறிஞர்கள் பலரின் முடிவு. கொடுங்கல்லூர் என்பாரும் உண்டு. வருடத்தில் ஒரே நாள், சித்ரா பௌர்ணமியன்று மட்டும் வழி திறக்கிறது. இரு மாநில அதிகாரிகளும் முன்கூட்டியே கூடிப் பேசி, தண்ணீர், ஜீப், போலீஸ் எல்லாம் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள். ஒரு சந்நிதியில் கேரள முறைப் பூஜை, இன்னொன்றில் தமிழ் முறை. தமிழகப் பக்கத்திலிருந்து பளியன்குடி வழியாக நடந்தே ஏறுகிறவர்களும் உண்டு.

தமிழில் விரிவாக வருணிக்கப்பட்ட கல்யாணங்களில் முதலிடம் கண்ணகியுடையது என்று சொல்லலாம். சிலப்பதிகாரம் தொடங்குவதே அதில்தான். யானை மேல் ஏறிய பெண்கள் ஊருக்கு அறிவிக்கிறார்கள். நீல விதானத்தின் கீழ் முத்துப் பந்தல். நிலவு ரோகிணியைச் சேரும் நாள். முதிய பார்ப்பான் வழிகாட்டத் தீ வலம். விளக்கேந்திய பெண்களோடு பாலிகை ஏந்திய பெண்களும் வருகிறார்கள். அதே பாலிகைதான் இன்றும் கல்பாத்தி மண்டபத்தில் முளைத்து நிற்கிறது. மணமகனுக்கு 16 வயது, பெண்ணுக்கு 12. இந்த ஒன்றை மட்டும் அப்படியே பின்பற்றினால் பந்தலுக்குப் போலீஸ் வரும்.

இதற்கும் பழையது வேண்டும் என்போர் அகநானூற்றுக்குப் போகிறார்கள். 86ம் பாடல் காட்டும் கல்யாணத்தில் புது மணல் பரப்பிய பந்தலும் விளக்கும் உழுத்தம்பருப்புப் பொங்கலும் உண்டு. பிள்ளை பெற்ற நான்கு பெண்கள் மணமகளை நீராட்டி வாழ்த்துகிறார்கள். தீயும் புரோகிதரும் தாலியும் அங்கே சொல்லப்படவில்லை. தமிழ்நாட்டில் 'சங்க கால முறை' என்ற பெயரில் நடக்கும் திருமணங்களுக்கு இதுதான் மூலம். செலவும் குறைவு. ஆனாலும் வாழ்த்த வரும் நால்வரும் வாழ்க்கைப்பட்டுப் பிள்ளை பெற்றவர்களாகவே இருக்க வேண்டியிருக்கிறது. லக்ஷ்மி அம்மாளுக்கும் கண்ணகிக்கும் அந்தப் பந்தலிலும் இடம் சந்தேகம்தான்.

மலை உச்சியில் மட்டும் கணக்கு மாறிப்போகிறது. தாலியை இழந்தவளின் சந்நிதியில் பிரசாதமாகக் கிடைப்பது மஞ்சளும் குங்குமமும் வளையலும் மங்கல நாணும். கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் குமுளியிலிருந்தும் வெயிலில் ஏறிவரும் பெண்கள் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். கல்யாணமாகாத பெண்களும் வரிசையில் நிற்கிறார்கள். விதவைகளும் நிற்கிறார்கள், யாரும் தள்ளி நிற்கச் சொல்வதில்லை.

பிற்பகலிலேயே வனத்துறையினர் கீழே இறங்கச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். யானைகள் வரும் காடு. இருட்டுவதற்குள் ஒருவர் மிச்சமில்லாமல் வெளியேற வேண்டும். கடைசி ஜீப்பும் போனபின் தடுப்புக் கம்பியைச் சாத்துகிறார்கள். அடுத்த சித்திரை நிலவுவரை அந்த வழி மூடித்தான் இருக்கும்.