பெயரைப் பிரசுரிக்க வேண்டாம்

பத்திரிகைத் தொழிலில் சேர்ந்த புதிதில் எனக்குத் தரப்பட்ட வேலை வாசகர் கடிதங்களைப் பார்ப்பது. 'பெயரைப் பிரசுரிக்க வேண்டாம்' என்ற குறிப்போடு வரும் கடிதங்களே பெரும்பாலும் விடயமுள்ளவையாக இருக்கும். எழுதியவர் மறைந்துகொள்வார். வழக்கு வந்தால் அகப்படுபவர் பத்திராதிபர். ஜோசப் ஹௌ என்ற மனிதரின் வாழ்க்கையை மாற்றியதும் அத்தகையதொரு கடிதந்தான்.

ஹௌ இன்றைய கனடாவின் கிழக்குக் கரையில், நோவா ஸ்கோஷியாவின் தலைநகரான ஹலிபாக்ஸில் 1804ஆம் ஆண்டு பிறந்தவர். பள்ளிப் படிப்பு அதிகமில்லை. குடும்பத்து அச்சகத்தில் தொழில் பழகி, 23 வயதில் 'நோவாஸ்கோஷியன்' பத்திரிகையை விலைக்கு வாங்கினார்.

அக்காலத்தில் ஹலிபாக்ஸ் நகரை நிர்வகித்தவர்கள் மக்கள் தெரிவு செய்தவர்கள் அல்லர். மேலிருந்து நியமிக்கப்பட்ட நீதவான்கள். அவர்களும் பொலிஸாரும் சேர்ந்து முப்பது வருடங்களில் 30,000 பவுண் மக்கள் பணத்தைக் கறந்துவிட்டார்கள் என்று குற்றஞ்சாட்டிய கடிதமொன்றை 1835 ஜனவரி 1ஆம் திகதி ஹௌ பிரசுரித்தார். கீழே 'மக்கள்' என்றே கையொப்பம் இருந்தது. குற்றவியல் அவதூறு வழக்குத் தொடரப்பட்டது. எழுதியது உண்மை என்று நிரூபித்தாலும் தப்ப முடியாத சட்டம் அது. ஆலோசனை கேட்கப்பட்ட சட்டத்தரணிகள் வழியில்லை என்று கைவிரித்தனர். அவர்களிடமே சட்டப் புத்தகங்களை இரவல் வாங்கிப் படித்த ஹௌ, மார்ச் மாதம் தாமே தமக்காக வாதாடினார். ஆறு மணித்தியாலங்களுக்கும் மேலாகப் பேசினார். இது அவதூறே என்று பிரதம நீதியரசர் பிரென்டன் ஹலிபர்ட்டன் ஜூரர்களுக்குக் கூறினார். ஜூரர்கள் பத்து நிமிடங்களில் திரும்பி வந்து, குற்றவாளி அல்லர் என்றார்கள்.

(ஐந்து வருடங்களின் பின் அதே நீதியரசரின் மகன் ஹௌவைத் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்தார். அவர் சுட்டது தவறியது. ஹௌ ஆகாயத்தை நோக்கிச் சுட்டுவிட்டு வீடு திரும்பினார்.)

1836இல் சட்டசபைக்குள் நுழைந்தார். சபையின் நம்பிக்கையைப் பெற்றவர்களே ஆட்சி செய்ய வேண்டும் என்ற அவரது கோரிக்கை 1848இல் நிறைவேறியது. பிரித்தானியக் குடியேற்றங்களில் அத்தகைய பொறுப்பாட்சியை முதலில் கண்டது நோவா ஸ்கோஷியாதான். 1860 முதல் 1863 வரை அவரே பிரதமர்.

இனி வருவதுதான் சங்கடமான பகுதி. மாகாணங்களை இணைத்துக் கனடாவை உருவாக்கும் திட்டத்தை ஹௌ கடுமையாக எதிர்த்தார். 1865இல் 'மோர்ணிங் குரோனிக்கிள்' பத்திரிகையில் அதற்கு எதிராகத் தொடர் கடிதங்கள் எழுதினார். அப்பொழுது அரச பதவியொன்றில் இருந்தமையால், பெயர் போடாமல்! 1867 தேர்தலில் மத்திய பாராளுமன்றத்துக்கான மாகாணத்தின் 19 ஆசனங்களில் 18 இணைப்பு எதிர்ப்பாளர்களுக்குக் கிடைத்தன. ஆனால் இணைப்பை நீக்கும்படி கேட்டு லண்டன் சென்றவர் 1868இல் வெறுங்கையுடன் திரும்பினார். மறுவருடம், மாகாணத்துக்குக் கூடுதல் மானியம் பெற்றுக்கொண்டு, பிரதமர் ஜோன் ஏ. மக்டொனால்டின் அமைச்சரவையில் அமர்ந்தார். பழைய நண்பர்கள் முகம் திருப்பினர். அவரது கடிதங்களைத் தாங்கி வந்த 'குரோனிக்கிள்' அவரையே தாக்கியது.

விலைபோனார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லண்டன் கதவைச் சாத்திய பின் எஞ்சியிருந்த வழிகள் கலகமும் அமெரிக்காவோடு சேர்வதுமே. பிரித்தானிய முடிக்கு விசுவாசமாக பொஸ்டனை விட்டு வந்த அச்சகரின் மகனுக்கு இரண்டுமே ஆகாதவை. ஆயினும் அவரை நம்பி வாக்களித்தவர்களின் கோபத்தையும் குறைகூற முடியாது. அமைச்சரானதும் சந்தித்த இடைத்தேர்தலில், கடுங்குளிரில் ஊரூராகச் சென்று வென்றார். உடல்நலம் அத்தோடு போயிற்று.

1873 மே மாதம் நோவா ஸ்கோஷியாவின் ஆளுநராக நியமிக்கப்பட்டவர், மூன்று வாரங்களில், ஜூன் 1ஆம் திகதி காலமானார். 1904இல் மாகாண சட்டசபைக் கட்டடத்தின் முற்றத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அவர் குற்றவாளியாக நிறுத்தப்பட்ட நீதிமன்ற அறையும் அந்தக் கட்டடத்திலேயே இருக்கிறது. இப்பொழுது அது சட்டசபை நூலகம்.