கருவிக்கு முன் கணக்கு

"சார், நிரலை சி மொழியில் எழுதட்டுமா, மைக்ரோபைத்தானில் எழுதட்டுமா?" பேட்டரியில் ஓடும் சிறு சாதனங்கள் செய்யப் பழகும் பிள்ளைகள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் உடனே பதில் சொல்வதில்லை. "பேட்டரி எத்தனை நாள் வர வேண்டும்?" என்று கேட்பேன். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவருக்கு முதல் கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

கணக்கு எளியதுதான். சிஆர்2032 பட்டன் செல்லின் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. சாதனம் ஓயாமல் 10 மில்லி ஆம்பியர் இழுத்தால் முழுதாக ஒரு நாள்கூட வராது. சராசரியை 10 மைக்ரோ ஆம்பியருக்குள் அடக்கினால், தாளில் போட்ட கணக்குப்படி இரண்டரை ஆண்டு வரும். இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு சிப்பைத் தூங்க வைப்பதில் இருக்கிறது. அர்டுயினோ ஊனோ போர்டில் 'டிலே' கட்டளை போட்டு ஒரு நிமிடம் காத்திருக்கச் சொன்னால், சிப் அந்த நிமிடம் முழுவதும் விழித்தபடி நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கும். டைமரை வைத்துவிட்டுத் தூங்கச் சொல்லி, இன்டரப்ட் என்னும் குறுக்கீட்டுச் சைகை வந்ததும் எழுப்பினால், தூங்கும் நேரத்தில் சிப்பின் செலவு சில மைக்ரோ ஆம்பியருக்கு இறங்கிவிடும். விழித்திருப்பதெல்லாம் உழைப்பு ஆகாது. இது மனிதருக்கும் பொருந்தும்.

அடுத்தது இடம். ஊனோவில் உள்ள ஏடிமெகா328பி சிப்பில் நிரலுக்கு 32 கிலோபைட், ரேம் 2 கிலோபைட். மைக்ரோபைத்தானுக்கோ 256 கிலோபைட் நிரல் இடமும் 16 கிலோபைட் ரேமும் வேண்டும். ஆகவே அங்கே சி-தான். 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய மொழி அது. பழையது என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தச் சின்ன இடத்துக்குள் அடங்குகிறது என்பதற்காகச் சொல்கிறேன். 264 கிலோபைட் ரேம் உள்ள ராஸ்பெர்ரி பை பிக்கோ போர்டு என்றால் மைக்ரோபைத்தான் தாராளமாக ஓடும். ஒரு வரி எழுதி, உடனே ஓட்டிப் பார்த்துத் திருத்தலாம். புது சென்சாரைப் பழகிக்கொள்ள அது நல்ல வழி.

மூன்றாவது, போர்டு. சிப் தூங்கினாலும் பவர் எல்இடி, யுஎஸ்பி சிப், ரெகுலேட்டர் எல்லாம் மின்சாரத்தைத் தின்றுகொண்டே இருக்கும். எந்த மொழியில் எழுதினாலும் இது குறையாது. அதனால் மைக்ரோ ஆம்பியர் அளக்கும் மல்டிமீட்டரும் நிரல் எழுதுபவரின் கருவிதான்.

வாழ்க்கையிலும் இதே கதைதான். ஊரே புகழ்கிறது என்று படிப்பையும் வேலையையும் தேர்ந்தெடுத்துத் திணறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் திறமை குறைவில்லை. தங்களிடம் உள்ள காலமும் பணமும் உடம்புத் தெம்பும் எவ்வளவு என்று முதலில் உட்கார்ந்து எண்ணவில்லை, அவ்வளவுதான்.

எனவே பிள்ளைகளே, அடுத்த சாதனத்தைத் தொடங்கும்போது ஒரு தாளில் மூன்றை மட்டும் எழுதுங்கள்: பேட்டரி எவ்வளவு, ரேம் எவ்வளவு, எத்தனை நாள் ஓட வேண்டும். மொழியை அதன்பிறகு தேர்ந்தெடுங்கள்.