ஓட்ஸ் டின்னை மூடி வைத்த கதை



போன கிழமை ஸ்டாப் ரூமில் நாங்கள் சாப்பிட்டதைப் பார்த்துவிட்டுக் கனபேர் "எப்படிச் செய்றீங்க டீச்சர்?" என்று கேட்டிருந்தீர்கள். ஒவ்வொருவருக்கும் வேறுவேறாகச் சொல்ல நேரமில்லை, அதனால் இங்கே எழுதுகிறோம். சமையல் குறிப்போடு நாங்கள் விட்ட ஒரு பிழையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

ஏறாவூரிலிருந்து தன்னாமுனைக்குப் படிப்பிக்கப் போகும் நாங்கள் நாலு பேர். ஒரே ஓட்டோ. ஏழரைக்குப் பாடசாலை மணி அடிக்கும். சுபஹு தொழுது, வீட்டில் பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, மைலம்பாவெளியைத் தாண்டும்போதுதான் நாங்கள் இன்னும் சாப்பிடவில்லை என்பது நினைவு வரும். கடையில் வாங்கும் ரோல்ஸ், பாண், சீனி போட்ட தேத்தண்ணி. இப்படியே பல வருடம் ஓடிவிட்டது.

எங்களில் மூத்த டீச்சருக்குச் சீனி வருத்தம் வந்தது. அவவின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறோம். பாணை விட்டு ஓட்ஸ் சாப்பிடுங்கள் என்று எல்லோரும் சொன்னோம். அவவும் டின் வாங்கினா. ஓட்ஸ், இரண்டு மேசைக்கரண்டி பால்மா, இரண்டு தேக்கரண்டி சீனி, ருசிக்கு ஒரு வாழைப்பழம். இரண்டு மணித்தியாலம் கழித்து மெஷினில் குத்திப் பார்த்தால் 238.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டோம், கணித டீச்சர் ஒருவர் எங்களோடு இருக்கிறா அல்லவா! 40 கிராம் ஓட்ஸில் மட்டும் ஏறக்குறைய 27 கிராம் மாச்சத்து. பாலும் சீனியும் பழமும் சேர 60 கிராமையும் தாண்டிவிடுகிறது. அது நாலு துண்டுப் பாணுக்குச் சமம். ஓட்ஸ் கெட்ட சாமான் இல்லை. நார்ச்சத்து உண்டு. ஆனால் அதுவும் தானியம்தான், அதுவும் கப்பலில் வருகிற தானியம். "அப்போ குரக்கன்?" என்று கேட்பீர்கள். 100 கிராம் குரக்கன் மாவிலும் 70 கிராமுக்குக் கிட்ட மாச்சத்து இருக்கிறது. அரிசி மாவை விடக் கொஞ்சம்தான் குறைவு. குரக்கன் என்று சொல்லி நாலு ரொட்டி சாப்பிட்டால் சீனி ஏறாமல் என்ன செய்யும்?

அதன் பிறகு எங்கள் ஊரில் கிடைப்பதை வைத்து முதல் நாள் இரவே தயார் செய்யத் தொடங்கினோம். நாலு வகை எங்களுக்குச் சரிவந்தது.

ஒன்று, ரொட்டி இல்லாத கொத்து. கொத்து ரொட்டி பிறந்ததே எங்கட கிழக்கில்தான் என்பார்கள். அதில் ரொட்டியை எடுத்துவிட்டுக் கோவாவைப் போட்டோம். இரவில் கோவா, கரட், லீக்ஸ், வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய் எல்லாவற்றையும் மெல்லிசாக வெட்டிப் பெட்டியில் மூடி பிரிட்ஜில் வையுங்கள். காலையில் தாச்சியில் எண்ணெய், கறிவேப்பிலை, பிறகு இந்த மரக்கறி, இரண்டு முட்டை, மிளகுத்தூள், உப்பு. பெரிய நெருப்பில் ஐந்து நிமிடம். கோவா நொறுநொறு என்று இருக்கும்போதே இறக்குங்கள். தண்ணீர் விட்டால் ருசி போய்விடும்.

இரண்டு, முருங்கை இலை முட்டை. முட்டையை அடித்து, ஒரு பிடி முருங்கை இலை, வெங்காயம், கொஞ்சம் தேங்காய்ப் பூ, உப்பு சேர்த்து, எண்ணெய் தடவிய இட்டலித் தட்டில் ஊற்றிப் பத்து நிமிடம் அவியுங்கள். ஆறியதும் பிரிட்ஜில் வைத்தால் மூன்று நாளைக்குத் தாங்கும். அதற்கும் நேரமில்லை என்றால் அவித்த முட்டையே போதும். கோதோடு பிரிட்ஜில் ஒரு கிழமை இருக்கும். ஒரு முட்டையில் மாச்சத்து 1 கிராம்கூட இல்லை.

மூன்று, கிழங்கில்லாத மீன் கட்லட். சூரை மீனை அவித்து முள் எடுத்து உதிர்த்து, உருளைக்கிழங்குக்குப் பதிலாகத் தேங்காய்ப் பூவும் ஒரு முட்டையும் சேர்த்துப் பிசையுங்கள். மிளகு கொஞ்சம் கூடுதலாகப் போடலாம். தட்டையாகத் தட்டித் தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் வாட்டி எடுங்கள். விடுமுறை நாளில் இருபது செய்து பிரீசரில் போட்டால் இரண்டு கிழமைக்குக் கவலையில்லை.

நாலு, தயிரும் கசகசாவும். மட்டக்களப்பு எருமைத் தயிர் சட்டி கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது வெளிநாட்டு விதை எதற்கு? பலூடாவுக்குப் போடும் கசகசா ஒரு தேக்கரண்டியை முதலில் தண்ணீரில் நன்றாக ஊறவிடுங்கள். காய்ந்தபடி வாயில் போட வேண்டாம், தொண்டையில் வீங்கி அடைக்கும். ஊறியதைத் தயிரில் கலந்து, மேலே வறுத்த கச்சான் தூவி, சின்னப் போத்தலில் இரவே வையுங்கள். பாணியும் சீனியும் போடக்கூடாது. முதல் மூன்று நாள் புளிக்கும், பிறகு நாக்கு பழகிவிடும்.

கொத்து சாப்பிட்ட அன்று மூத்த டீச்சரின் அளவு 151. எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் பிழை விட்டோம்.

மூன்றாவது கிழமை, பத்து மணியிருக்கும். ஆறாம் வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருந்தது. திடீரென்று அவவின் கை நடுங்கி, உடம்பெல்லாம் வியர்த்து, கரும்பலகையில் எழுதிய சொல் பாதியில் நின்றது. ஒரு பிள்ளை ஓடிவந்து "டீச்சர் கதைக்கிறா இல்ல" என்று அழுதது. அந்த ஊரிலேயே இருக்கும் எங்கள் சக ஆசிரியை ஒருவர் ஓடிப்போய் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தா. மெஷினில் 58. 70க்குக் கீழே போனாலே ஆபத்து. கால் மணித்தியாலத்தில் திரும்பப் பார்த்தபோது ஏறியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

காரணம் எளிது. சாப்பாட்டில் மாச்சத்தைக் குறைத்தோம், கிளிக்ளசைட் குளிசையைப் பழைய அளவிலேயே விட்டோம். அந்தக் குளிசை, நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்த்து வேலை செய்வதில்லை. டொக்டரிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் போதும். குறிப்பு எழுதிக் கொடுத்த நாங்கள் யாரும் அதை யோசிக்கவில்லை. அடுத்த கிளினிக்கில் டொக்டர் குளிசையைக் குறைத்தார்.

ஆகவே இன்சுலின் போடுபவர்கள், கிளிக்ளசைட் போன்ற குளிசை எடுப்பவர்கள், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்காமல் இதைத் தொடங்க வேண்டாம். சஹருக்கு இந்தச் சாப்பாடு நல்லதா என்று கேட்டவர்களுக்கும் இதுதான் பதில்: நோன்புக்கு முன்பே கிளினிக்கில் கதையுங்கள். வளரும் பிள்ளைகளுக்கு இப்படிக் குறைக்கத் தேவையில்லை. அவர்கள் பிட்டோ இடியப்பமோ சாப்பிடட்டும், கூடவே முட்டையோ மீனோ இருக்கட்டும்.

2018, 2019இல் நாடு முழுவதும் நடந்த ஓர் ஆய்வு, வளர்ந்தவர்களில் ஐந்து பேரில் ஒருவருக்கு மேல் சீனி வருத்தம் இருப்பதாகக் கண்டது. எங்கள் ஓட்டோவில் சாரதியோடு சேர்த்து ஐந்து பேர். கணக்கு சரியாகத்தான் வருகிறது. அரச ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்க்கக் காசில்லை. முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

மூத்த டீச்சர் இப்போது சுகம். அவவின் மேசை லாச்சியில் சோக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் போத்தல் சீனி இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது எதற்கென்று தெரியும். உங்கள் வீட்டில் குளிசை எடுக்கும் உம்மா, வாப்பா, அம்மா, அப்பா இருந்தால், உங்கள் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக் கொடுங்கள்.