ஏற்காட்டில் ஓர் ஐப்பசி

சேலம் மாநகரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், சேர்வராயன் மலைமீது அமைந்துள்ளது ஏற்காடு. ஏரியும் காடும் இணைந்தே ஊருக்குப் பெயராயின என்பர். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் சென்று தங்க வசதியற்ற குடும்பத்தினரும் காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடலாம் என்பதால், 'ஏழைகளின் ஊட்டி' என்னும் பெயரும் இதற்கு உண்டு.

கோடையில் இம்மலையைக் காண்போர் பலர். ஐப்பசியில் காண்போர் சிலரே. மேலை நாடுகளில் இது இலைகள் சிவந்து உதிரும் காலம். நம் முன்னோரோ ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் காலம் என்று அழைத்தனர். மலையும் மலைசார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்கு உரிய பெரும்பொழுதாக அதனையும் முன்பனியையும் வகுத்தனர். மேகம் இறங்கி மலையை மூடும் பருவத்தையே மலைக்குரிய பருவமாக அவர்கள் கொண்டது எத்துணைப் பொருத்தம் என்பதை, சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பப் பயணம் ஒன்று எங்களுக்கு உணர்த்தியது.

அண்ணன், தம்பி, தங்கை ஆகியோரின் மூன்று குடும்பங்களும் எங்கள் அம்மாவுமாகப் பதினொருவர், நவம்பர் முதல் நாள் ஒரு வேனில் புறப்பட்டோம். ஏரியில் படகுப் பயணம், பகோடா முனை, கிளியூர் அருவி, தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் பூங்கா, மாலையில் சேலத்தின் விளக்கொளியைக் காண 'லேடீஸ் சீட்' என்று பிள்ளைகள் ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்திருந்தனர். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "எனக்கு ஏரியும் வேண்டாம், படகும் வேண்டாம். தம்பியை அடக்கம் செய்த இடத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினால் போதும்." மறுநாள் இறந்த விசுவாசிகளின் நினைவு நாள். ஆகவே இறங்கும் வழியில் கல்லறைக்குச் செல்வதென்று தாளின் கடைசி வரியில் எழுதிக்கொண்டோம்.

மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளுள் பாதியைக் கடக்குமுன்னரே மழை பிடித்துக்கொண்டது. சாலையின் குறுக்கே ஒரு மரம் சாய்ந்து கிடந்தமையால் மூன்று மணி நேரம் வண்டியிலேயே காத்திருந்தோம். மேலே சென்றபோது படகுகள் கரையில் கட்டப்பட்டிருந்தன. அருவிக்குச் செல்லும் வழியை அடைத்திருந்தனர். 'லேடீஸ் சீட்'டில் சேலமும் தெரியவில்லை, பத்தடிக்கு அப்பால் நின்ற தங்கையும் தெரியவில்லை. அன்றிரவு மின்சாரமும் இல்லை. பிள்ளைகளின் முகங்கள் வாடின.

தங்கியிருந்த அறையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் செபமாலை சொல்லி முடித்தோம். அதன்பின், பேரப்பிள்ளைகள் கேட்கக் கேட்க, அம்மா அதுவரை எங்களிடமும் முழுமையாகச் சொல்லாதவற்றைச் சொன்னார்.

அம்மாவின் தந்தை இங்குள்ள காப்பித் தோட்டமொன்றில் கூலி வேலை செய்தவர். 1820-களில் சேலம் மாவட்ட ஆட்சியராயிருந்த காக்பர்ன் என்பவர் ஊக்குவித்ததால் இம்மலையில் வேரூன்றியது காப்பி. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெய்யும் பூமழையில் செடி மல்லிகைபோல் வெண்மையாகப் பூக்கும். ஆண்டின் இறுதியில் காய் சிவந்து பழமாகும். இடையில் வரும் ஐப்பசி மழை தோட்டத் தொழிலாளருக்குக் கடினமான காலம். தலையில் கம்பளி, காலில் அட்டை, வேலை நின்றால் கூலியும் இல்லை. அத்தகைய மழை நாளொன்றில், வரிசை வீடுகளுள் ஒன்றில், இரண்டு வயதுத் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று நாள் மழை ஓயவில்லை. சேலத்துக்குக் கொண்டுசெல்ல வண்டி கிடைக்கவில்லை. நான்காம் நாள் குழந்தை இறந்துபோனான். அப்போது அம்மாவுக்கு எட்டு வயது. தாத்தா ஒரு மரச்சிலுவை செய்து நட்டாராம். இரண்டு ஆண்டுகளில் குடும்பம் சமவெளிக்கு இறங்கிவிட்டது. "இந்த மழைச் சத்தத்தைக் கேட்டால் அவன் அழுத குரல்தான் நினைவுக்கு வருகிறது" என்றார் அம்மா. படகு இல்லையே என்று முணுமுணுத்த பேரன் அவரது மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலைத் திருப்பலிக்குப் பின் தூறலினூடே கல்லறைத் தோட்டம் சென்றோம். மரச்சிலுவை எத்தனை மழையைத் தாங்கும்? கல்வெட்டுள்ள கல்லறைகள் பல இருந்தன. நாங்கள் தேடியது கிடைக்கவில்லை. அம்மா நெடுநேரம் புல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். இதைக் கண்ணுற்ற பங்குத் தந்தை எங்களை அழைத்துச் சென்று, பழைய அடக்கப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். மங்கிய மையில் ஒரே வரி: குழந்தையின் ஞானஸ்நானப் பெயர், தந்தையின் பெயர், வயது இரண்டு, அடக்கம் செய்த நாள். அம்மா அவ்வரியின்மேல் விரலை வைத்தார். பின்னர் அவ்விரலை முத்தமிட்டார். அடக்கம் செய்த இடம் எதுவெனக் குறிப்பு இல்லாமையால், தோட்டத்தின் பெரிய சிலுவையடியில் மெழுகுவர்த்தியை ஏற்றினோம். காற்று அணைத்தபோதெல்லாம் பிள்ளைகள் மாறி மாறிக் கைகளால் மறைத்து மீண்டும் ஏற்றினர்.

இவ்வூரில் கல்லில் பெயர் பொறிக்கப்பெற்ற பெருமக்கள் உண்டு. 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்தியாவின் தொன்மையை உலகுக்கு உணர்த்திய இராபர்ட் புரூஸ் ஃபூட் தம் இறுதிக்காலத்தில் இங்கு வாழ்ந்தவர். அவரது நினைவுக்கல் இங்குள்ள தூய திரித்துவ ஆலயத்தில் இருக்கிறது. 1894-இல் குளூனி சபைச் சகோதரிகள் தொடங்கிய திருஇருதயப் பள்ளியும், 1917-இல் புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் நிறுவிய மான்ஃபோர்ட் பள்ளியும் பெரும் புகழ் பெற்றவை. கூலித் தொழிலாளியின் இரண்டு வயதுக் குழந்தைக்குக் கல் இல்லை, புகழும் இல்லை. ஆயினும் திருச்சபை அவன் பெயரை எழுதி வைத்திருந்தது. அடக்கம் முடிந்தபின் இறந்தோரின் ஏட்டில் பதிவு செய்யவேண்டும் என்பது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1182-ஆம் விதி. வறண்ட விதியெனத் தோன்றும் இதில் எத்துணை அன்பு அடங்கியுள்ளது! தன் மக்களுள் எவரும் பெயரின்றிப் போகலாகாது என்னும் தாயின் கவலையன்றோ அது?

இறந்தோருக்காக மன்றாடுவது புனிதமான எண்ணம் என்று மக்கபேயர் இரண்டாம் நூலின் 12-ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. நவம்பர் முதல் தேதி தொடங்கி எட்டாம் தேதி வரை கல்லறையைச் சந்தித்து, பாவசங்கீர்த்தனம், நற்கருணை முதலிய வழக்கமான நிபந்தனைகளை நிறைவேற்றிச் செபிப்போர், உத்தரிக்கும் நிலையிலுள்ள ஆன்மாக்களுக்காகப் பரிபூரண பலனைப் பெற்றுத் தரலாம். முன்னோர் பிறந்து வளர்ந்த ஊரை விட்டு வேற்றூரில் வாழும் குடும்பங்கள் நம்மிடையே பல. உங்கள் குடும்பத்திலும் கல்லறை தெரியாத ஒருவர் இருக்கக்கூடும். பழைய பங்கின் பதிவேட்டில் அவரது பெயர் உங்களுக்காகக் காத்திருக்கலாம். அவரை நினைவில் வைத்திருக்கும் பெரியவர் நம்மோடு இருக்கும்போதே பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்வது நலம்.

ஐப்பசியில் ஏற்காடு செல்வோர், மழைச் செய்தியையும் மலைப்பாதை திறந்துள்ளதா என்பதையும் கேட்டறிந்து புறப்படுக. ஒரு நாள் கூடுதலாகத் தங்க ஆயத்தமாகச் செல்க. மேகம் மூடிய மலையில் காட்சிகள் குறைவு. ஆனால் சேலத்தின் ஊடே ஓடிக் காவிரியில் கலக்கும் திருமணிமுத்தாறு, இம்மலையில் பெய்யும் மழையில்தான் பிறக்கிறது.