மீன்முள் வாய்க்கால்

கீரப்பாளையத்தில் என்னை இறக்கிவிட்டு புவனகிரி பஸ் வெள்ளாற்றுப் பாலத்தை நோக்கிப் போனபோது மணி ஏழுகூட ஆகவில்லை. பங்குனி வெயில் அதற்குள் முதுகில் ஏறிவிட்டது. பையில் தண்ணீர் பாட்டில், துண்டு, ஒரு பழைய உப்புமானி. சாண் நீளக் குழாய். ஒரு முனையில் கண்ணாடி, மறுமுனையில் கண் வைத்துப் பார்க்கும் இடம். நான் வேலை பார்த்த நிறுவனத்தில் கடைசி நாள் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தேன். உடைந்தது என்று கழித்துக்கட்டிய இதை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். உடையவில்லை, மூடிதான் தொலைந்திருந்தது.

அது நீர், சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனம். பெயர் வேண்டாம். ஏரி, வாய்க்கால், கழிமுகம் எதுவானாலும் அறிக்கை தயாரித்துக் கொடுப்போம். வண்ண வரைபடம், சுருள்கம்பி போட்ட தடித்த புத்தகம், மூன்று பிரதி. நான் மட்டம் பார்க்கிறவன். லெவல் பெட்டியை நிறுத்தி, எதிரே ஸ்டாஃப் பிடிக்கும் பையனைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருப்பதுதான் வேலை. ஒரு கிராமத்தில் நாங்கள் எழுதிக் கொடுத்த மட்டத்தை வைத்து மதகு கட்டினார்கள். அதன் அடித்தளம் வாய்க்காலைவிட அரை அடி உயரமாகப் போய்விட்டது. ஏரியில் தண்ணீர் இருந்தது, மதகும் பளபளவென்று இருந்தது, வயலுக்கு மட்டும் வரவில்லை. தப்பு என் கணக்கிலா, தட்டச்சு செய்தவரிடமா என்பது கடைசிவரை தெரியவில்லை. புத்தகம் மட்டும் இன்னும் ஏதோ அலமாரியில் இருக்கும்.

அதிலிருந்து ஒரு குடைச்சல். தண்ணீரைப் பற்றி ஆலோசனை சொல்வது என்றால் என்ன? சொன்னது பலித்த இடம் ஒன்றையாவது காலால் நடந்து பார்த்துவிட வேண்டும். தொழிலில் இருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் இடம் பிச்சாவரம். நேராக அங்கே போயிருக்கலாம். ஆனால் கழிமுகத்தைப் பார்க்கப் போகிறவன் மேலேயிருந்து தண்ணீரோடு இறங்கி வருவதுதான் முறை என்று எனக்கு மட்டம் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் சொல்வார்.

மேலே என்றால் அணைக்கரை. கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை. அங்கிருந்து வடவாறு பிரிந்து வீராணம் ஏரிக்கு வருகிறது. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய ஏரி அது. முழு மட்டம் 47.5 அடி, கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. 2004 முதல் குழாய் வழியாகச் சென்னைக்கும் போகிறது. பாசனம் நாற்பத்து நாலாயிரத்துச் சொச்சம் ஏக்கர். அந்த ஆயக்கட்டின் கீழ்க்கோடிப் பக்கம்தான் கீரப்பாளையம் வட்டாரம்.

சாலையிலிருந்து இறங்கி வரப்பில் நடந்தேன். சம்பா அறுத்த தாளடியில் உளுந்து. செடியைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தவருக்கு எழுபது இருக்கும். வீராணத் தண்ணீர் இந்த வருசம் எப்படி என்று கேட்டேன். நிமிராமலே பதில் வந்தது.

"எல்லாரும் அதத்தான் கேக்குறீங்க தம்பி. ஏரியில தண்ணி இருக்கா, இருக்கான்னு. வந்த தண்ணி போவுதான்னு ஒருத்தனும் கேக்குறதில்ல."

கையிலிருந்த செடியை வரப்பில் போட்டுவிட்டு வடிகாலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். டெல்டாக்காரர்களுக்கு வாய்க்கால் இரண்டு வகை. கொண்டுவருவது பாசன வாய்க்கால், கொண்டுபோவது வடிகால். முதலாவதற்கு ஊர்வலம், மறியல், மலர்தூவல் எல்லாம் உண்டு. இரண்டாவதற்கு எதுவும் கிடையாது. பெரியவர் காட்டிய வடிகாலில் வெங்காயத்தாமரை காய்ந்து பாயாகக் கிடந்தது, கரையில் நெய்வேலிக் காட்டாமணக்கு. அதைக் காட்டவில்லை அவர். சற்றுத் தள்ளிப் பாதைக்கு அடியில் இருந்த சிறுபாலத்தைக் காட்டினார். குனிந்து பார்க்கச் சொன்னார்.

"தளத்தப் பாருங்க. வடிகா தரையவிட ஒரு சாண் ஒசரம். கட்டுன புள்ளைங்ககிட்ட அப்பவே சொன்னேன். பிளான்ல இப்படித்தான் இருக்குன்னாங்க. அந்த ஒரு சாணுக்குக் கீழ நிக்கிற தண்ணி எங்க போவும்? உளுந்து தாங்குமா? ரெண்டு நாள் நின்னா வேரு மூச்சு முட்டிச் செத்துரும்."

தட்டையான நாடு இது. கண்ணுக்குச் சரிவே தெரியாது. மழைக்காலத்தில் மேலே திறக்கும் உபரி ஒரு பக்கம், வானத்திலிருந்து கொட்டுவது ஒரு பக்கம். எல்லாம் வெள்ளாறு, கான்சாகிப் வாய்க்கால், உப்பனாறு என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக் கடலுக்குப் போயாக வேண்டும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் மழையின்போது சிதம்பரம் நடராஜர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. இந்த மண்ணில் ஒரு சாண் என்பது சின்ன அளவு இல்லை. லெவல் பெட்டியோடு ஆறு வருசம் திரிந்தவன், அதை ஓர் உளுந்துக் கொல்லையில் கற்றுக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸைப் பிடித்தேன்.

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரம் பதினைந்து கிலோமீட்டர் போல. படகுத்துறைப் பக்கம் சுற்றுலாக் கூட்டம். 'இதயக்கனி' இங்கே எடுத்தார்கள் என்று ஒரு படகுக்காரர் ஐம்பது வருசம் கழித்தும் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அங்கே நிற்கவில்லை. கிள்ளையை ஒட்டிய எம்.ஜி.ஆர். நகருக்குப் போனேன். இருளர் குடியிருப்பு. முன்பே சொல்லி வைத்திருந்ததால் ஓர் அம்மா காத்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கழியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர். பிடித்ததைப் போட ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்களாம். அவருடைய மகன் துடுப்புப் போட, மூன்று பேரும் கிளம்பினோம்.

"வத்தம் ஆரம்பிக்கிறதுக்குள்ள உள்ள போயிரணும் சார். அப்பறம் படகு தரதட்டும்."

கடல்நீர் ஏறும் ஏத்தமும் இறங்கும் வத்தமும் இங்கே ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடுகிற விஷயம். ஆனால் இந்தக் காட்டின் கதையே அந்த ஒரு மீட்டருக்குள்தான் நடந்திருக்கிறது.

வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவே கிடக்கும் அலையாத்திக் காடு இது. ஊர்க்காரர்கள் சுரபுன்னைக் காடு என்பார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ஆரம்பித்து 1970-களின் நடுப்பகுதி வரை இதைக் கூப்புப் பிரித்து, பகுதி பகுதியாக மொட்டையடித்து விறகுக்கு வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் காடு திரும்பிவிடும், மறுபடி வெட்டலாம் என்பது கணக்கு. பல இடங்களில் திரும்பவில்லை. நடுவில் சொட்டை விழுந்த தலை மாதிரி, ஓரத்தில் மரம், உள்ளே வெறும் சேறு. காரணம் என்ன? ஆடு மாடு மேய்கிறது, ஏழைகள் விறகு பொறுக்குகிறார்கள் என்பதுதான் வெகுநாள் சொன்ன பதில். எளிமையான பதில். குற்றவாளி பக்கத்துக் குடிசையிலேயே இருந்தான்.

தரமணியில் எம்.எஸ்.சுவாமிநாதன் 1988-இல் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆட்கள் 1990-களில் இங்கே வந்து செய்த காரியம், என் தொழிலின் பாஷையில் சொன்னால், மட்டம் பார்த்தது. மரம் இல்லாத இடத்தின் தரையும், மரம் நிற்கும் ஓரத்தின் தரையும் ஒன்றாக இல்லை. மொட்டையடித்த தரையில் நேராக வெயில் விழுந்தது. சேற்றுக்குள் இருந்த ஈரம் ஆவியாக, தரை அமுங்கியது. ஓரம் உயர்ந்து நடு பள்ளமாகி, பெரிய தாம்பாளம் மாதிரி ஆனது. ஏத்தத்தில் கடல்நீர் விளிம்பைத் தாண்டி உள்ளே வரும். வத்தத்தில் விளிம்பு மறிக்கும், வெளியே போகாது. வெயில் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை விட்டுவிடும். அடுத்த ஏத்தம் இன்னும் கொஞ்சம் கொண்டுவரும். மரக்காணத்திலும் வேதாரண்யத்திலும் பாத்தி கட்டி உப்பு விளைவிக்கிறார்களே, அதே வேலை. இங்கே பாத்தி கட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான். உப்புத் தண்ணீரிலேயே பிறந்த செடியும் அந்த உப்பில் முளைக்கவில்லை. உமரிச் செடிதான் படர்ந்தது.

தண்ணீரில் வாழ்கிற மரம், தண்ணீர் வெளியேறாததால் செத்தது. காலையில் கேட்ட உளுந்து வேரின் மூச்சு ஞாபகம் வந்தது.

பெரிய கழியிலிருந்து படகு ஓர் ஒடுக்கமான வாய்க்காலுக்குள் திரும்பியது. இரண்டு பக்கமும் வெண்கண்டல். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மூச்சுவேர்கள் எழும்பி நிற்கின்றன. கொஞ்ச தூரத்துக்கு ஒன்றாக, பக்கவாட்டில் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள் பிரிந்து போயின.

"இதான் சார் நாங்க வெட்டுனது" என்றார் அந்த அம்மா. துடுப்பை மகனிடமிருந்து வாங்கி, கரையின் சரிவில் வைத்துக் காட்டினார். மேலே அகலம், அடியில் ஒடுக்கம். செங்குத்தாக வெட்டினால் சேறு சரிந்து மூடிவிடும். மேலேயிருந்து பார்த்தால் நடுவில் ஒரு முதுகெலும்பு, இருபுறமும் சாய்ந்த முட்கள். மீன்முள். பெரிய கழியிலிருந்து விளிம்பை அறுத்துக்கொண்டு முதுகெலும்பு பள்ளத்துக்குள் போகிறது, முட்கள் பள்ளத்தின் மூலைமுடுக்கெல்லாம் நீரைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருகின்றன. ஒவ்வொரு வத்தத்திலும் மண்ணின் உப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிப்போகிறது. அதற்குப் பிறகுதான் கரையோரம் கன்று நட்டார்கள். வேறு மருந்து எதுவும் இல்லை. சிமெண்ட் இல்லை, ஷட்டர் இல்லை, மோட்டார் இல்லை. மண்வெட்டிதான்.

"மொதல்ல நம்புனீங்களா அக்கா?"

"எங்க சார்? தண்ணிக்குள்ள போயி வாய்க்கா வெட்டச் சொல்றாங்களேன்னு சிரிச்சோம். கூலி குடுத்தாங்க, வெட்டுனோம். அடுத்த வருசம் செடி தல தூக்கவும்தான், சரி, ஏதோ தெரிஞ்சுதான் சொல்லியிருக்காங்கன்னு. இப்ப இந்த முள்ளு வாய்க்காலெல்லாம் எறா நல்லா ஏறுது."

1996-97 வாக்கில் வனத்துறையும் ஊர்களும் சேர்ந்த கூட்டு மேலாண்மையாக இது விரிந்தது. கோதாவரி, கிருஷ்ணா, மகாநதிக் கழிமுகங்களுக்கும் போனது. 1986-ஆம் வருச செயற்கைக்கோள் படத்தையும் 2002-ஆம் வருசப் படத்தையும் ஒப்பிட்டு வி.செல்வம் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2003-இல் 'கரண்ட் சயன்ஸ்' இதழில் எழுதினார்கள்: பிச்சாவரத்துக் காட்டின் பரப்பு சுமார் 90 சதவீதம் கூடியிருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, மாட்டுக்காரர் தலையிலிருந்தும் விறகுக்காரர் தலையிலிருந்தும் பழி இறங்கியது. மேய்ச்சல் பாதிக்கவே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் முதல் கோடரி அவர்களுடையது இல்லை. எங்கள் அறிக்கைகளில் 'உள்ளூர் மக்களின் அழுத்தம்' என்று ஒரு தலைப்பு எப்போதும் இருக்கும். போன அறிக்கையிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டுவோம். அதை நினைத்துக் கொஞ்சம் கூசியது.

சுனாமியைப் பற்றிக் கேட்காமல் இங்கிருந்து யாரும் திரும்புவதில்லை. நானும் கேட்டேன். காட்டுக்குப் பின்னால் இருந்ததால் தங்கள் ஊர் தப்பியது என்றார் அவர். பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் ஆய்வாளர்களும் 2005-இல் அப்படித்தான் எழுதினார்கள். அதே வருசம் 'சயன்ஸ்' இதழிலும் கடலூர்க் கரையை வைத்து ஒரு கட்டுரை வந்தது. மறு வருசம் வேறு சிலர் பரங்கிப்பேட்டைக்காரர்களின் எண்களை மறுபடி போட்டுப் பார்த்து, கடலிலிருந்து எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம் என்பதே பெரும்பாலானதை விளக்கிவிடுகிறது என்றார்கள். எனக்கு இரண்டாவது பேச்சில் நியாயம் தெரிகிறது. காடு இல்லாமலே இருந்திருக்கலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. இந்தக் காடு நிற்பதற்குச் சுனாமிச் சான்றிதழ் எதற்கு என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் பிச்சாவரம் சேர்ந்தாயிற்று.

வழியில் ஒரு தில்லை மரம் இலை பழுத்து நின்றது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும், தொடாதீர்கள் என்றார். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் கொடுத்த மரம், கோயிலின் தலமரம். ஊருக்குள் கட்டடம் பெருக, மரம் இங்கே உப்பு ஓரத்தில் ஒதுங்கி நிற்கிறது.

ஓர் இடத்தில் படகை நிறுத்தச் சொல்லி உப்புமானியை எடுத்தேன். வாய்க்கால் நீரில் ஒரு சொட்டு கண்ணாடியில் விட்டு வானத்தைப் பார்த்துப் பிடித்தேன். மேலே நீலம், கீழே வெள்ளை, இரண்டும் சந்திக்கும் கோடு கடல்நீருக்கு உரிய முப்பத்தைந்துக்குச் சற்றுக் கீழே நின்றது. பிறகு அந்த அம்மா கைகாட்டிய பக்கமாக, முழங்கால் சேற்றில் இறங்கி முப்பது அடி நடந்தேன். ஒரு முள் வாய்க்காலின் வாய் மண்ணடித்து மூடியிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு குட்டை. ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, நான்கைந்து வெண்கண்டல் இலையுதிர்த்து நின்றன. அங்கே எடுத்த சொட்டில் கோடு முப்பத்தைந்தைத் தாண்டி மேலே ஏறிப் போய்க்கொண்டே இருந்தது. துண்டால் துடைத்து மறுபடி பார்த்தேன். அதேதான்.

திரும்பி வந்து சொன்னேன். அவருக்கு உப்புமானி தேவைப்படவில்லை.

"தூர் எடுத்தாத்தான் சார் வாய்க்கா. எடுக்கலன்னா பள்ளம். திட்டம் நடந்தப்ப வருசா வருசம் எடுப்போம். இப்ப அங்கங்க எடுக்குறாங்க, அங்கங்க விட்டுட்டாங்க."

மூடிய வாயின் முன்னால் மண்திட்டு எவ்வளவு உயரம் என்று துடுப்பை நட்டுப் பார்த்தேன். கைவிரலை விரித்து வைத்தால் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை. கீரப்பாளையத்துச் சிறுபாலத்தில் பார்த்த அதே அளவு.

படகுக்குள் ஏறுவதற்குள் நீர் இறங்கத் தொடங்கிவிட்டது. முதலில் தெரியவில்லை. பழுத்த தில்லை இலை ஒன்று முள் வாய்க்காலிலிருந்து மெல்ல வெளியே வந்து, முதுகெலும்பு வாய்க்காலில் திரும்பி, வேகம் பிடித்துப் பெரிய கழிப் பக்கம் போனது. அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு மகன் தோளைத் தட்டினார்.

"வத்தம் விழுந்துருச்சுடா. தள்ளு."

இரண்டு இடத்தில் தரைதட்டியது. நானும் இறங்கித் தள்ளினேன்.